டிஸ்க் விலை, டவுன்லோடு விலை

ஒரே வீடியோ கேம் இரண்டு உருவத்தில் விலைக்கு வருகிறது. ஒன்று, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து விற்கும் டிஸ்க். இன்னொன்று, பணம் கட்டியவுடன் கன்சோலிலோ கணினியிலோ நேரே இறங்கும் டவுன்லோடு. டிஸ்க்கை அச்சடிக்க வேண்டும், பெட்டியில் போட வேண்டும், கப்பலிலோ விமானத்திலோ ஏற்ற வேண்டும், மொத்த வியாபாரிக்கும் கடைக்காரருக்கும் பங்கு ஒதுக்க வேண்டும். டவுன்லோடுக்கு இந்தச் செலவுகள் கிடையாது. ஆனாலும் கேம் வெளியாகும் நாளில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே விலைதான். நாலைந்து மாதம் போனால் டிஸ்க்தான் மலிவாகக் கிடைக்கிறது. சரக்கே இல்லாத சரக்கு சரக்கைவிட விலை கூடுதலாக நிற்பது ஏன் என்பதே இங்கு ஆராய வேண்டிய கேள்வி.

சென்னையில் இந்த வியாபாரம் துறைமுகத்தின் மதிலோரம் வளர்ந்தது. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபின் அங்கிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-இல் ராஜாஜி சாலையில் கடைகள் அமைந்தன. பாரிமுனையிலிருந்து கடற்கரை ரயில் நிலையம் நோக்கி நீளும் அந்த வரிசைதான் பர்மா பஜார். இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலத்தில் கப்பல்காரர்கள் கொண்டுவந்த வாசனைத் திரவியம், கைக்கடிகாரம், டேப் ரிக்கார்டர் எல்லாம் அங்கே கிடைத்தன. 1991-க்குப் பிறகு வெளிநாட்டுப் பொருளுக்கு இருந்த கவர்ச்சி குறைந்ததும் கடைகள் வீடியோ கேசட்டுக்கும், பிறகு விசிடிக்கும் டிவிடிக்கும், கடைசியில் செல்போன் உதிரிகளுக்கும் மாறின. இந்த மாற்றங்களுக்கு நடுவில்தான் வீடியோ கேமும் வந்து சேர்ந்தது.

முதலில் வந்தவை சமுராய், லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்களில் விற்ற எந்திரங்கள். ஜப்பானிய நின்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். அவற்றில் செருகும் அட்டைக்குத் தமிழ்நாட்டில் கேசட் என்றே பெயர் நிலைத்தது. மேலே '9999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும்; உள்ளே இருப்பது மரியோ, கான்ட்ரா போன்ற பத்துப் பன்னிரண்டு கேம்கள்தான், மற்றதெல்லாம் அவற்றின் மறுபதிப்பு. அசல் விலை என்னவென்று கேட்க அப்போது ஆளில்லை, ஏனென்றால் அசலே கண்ணில் பட்டதில்லை. அடுத்து வந்த பிளேஸ்டேஷன் 2 காலத்தில் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர்த் தெருக்களில் மணிக்கணக்குக்கு ஆடவிடும் கடைகள் முளைத்தன. இரண்டு டிவி, இரண்டு எந்திரம், ஒரு பெஞ்சு இருந்தால் கடை தயார். ஒரு மணி நேரத்துக்குப் பத்து இருபது ரூபாய். எந்திரத்துக்குள் சிப் பொருத்தியிருக்கும். அதனால் அச்சுக்கு அச்சு எடுத்த காப்பி சிடியும் ஓடும். காப்பி சிடி நூறு ரூபாய்க்குள் முடியும்போது ஆயிரக்கணக்கில் விலை சொன்ன ஒரிஜினலை வாங்க யாரும் முன்வரவில்லை.

திருட்டுப் பிரதியை அரசும் வணிகமும் இரண்டு வழியில் எதிர்கொண்டன. தமிழ்நாடு அரசு 2004-இல் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, வீடியோ திருட்டில் ஈடுபடுவோரையும் அதன்கீழ்க் கொண்டுவந்தது. மோசர் பேர் நிறுவனம் 2007-இல் சந்தையில் இறங்கியபோது திரைப்பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. ஒரிஜினலின் விலையே திருட்டு சிடி விலைக்கு இறங்கினால் மக்கள் ஒரிஜினலை எடுப்பார்கள் என்பது அதன் கணக்கு. கணக்கு ஓரளவு பலித்தது. ஆனால் டிஸ்க் என்ற ஊடகமே மங்கிப்போனதில் அந்த நிறுவனமும் சேர்ந்து சரிந்து, 2018-இல் கலைப்புக்கு உத்தரவானது. இந்த விலை ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது: தட்டு, அச்சு, உறை எல்லாம் சேர்ந்து முப்பது ரூபாய்க்குள் அடங்கக்கூடியவை. வீடியோ கேமில் டிஸ்க்கை நீக்கினால் எவ்வளவு மிச்சமாகும் என்பதற்கான விடையும் ஏறக்குறைய இதிலேயே இருக்கிறது.

இன்றைய கன்சோல் கேம் விலைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமானால் பிளேஸ்டேஷன் 5-ஐ எடுத்துக்கொள்ளலாம். அது 2021 பிப்ரவரி 2 அன்று இந்தியாவுக்கு வந்தது. சோனியின் சொந்தத் தயாரிப்பான பெரிய கேம்களுக்கு 4,999 ரூபாய் வைத்தார்கள். அமெரிக்காவில் அவற்றின் விலை 69.99 டாலர், அன்றைய மாற்று வீதத்தில் 5,100 ரூபாய்க்குப் பக்கம். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலைப் பயிற்சியாளரும் கலிஃபோர்னியாவில் ஒரு மாணவரும் ஏறக்குறைய ஒரே தொகைதான் கொடுக்க வேண்டியிருந்தது. டிஸ்க்குக்கு உள்ளூர்ச் சலுகை விலை வைக்காததற்கு ஒரு காரணம் உண்டு. பிளேஸ்டேஷன் 4, 5 எந்திரங்களில் எந்த நாட்டு கேம் டிஸ்க்கும் ஓடும். இந்தியாவில் பாதி விலை வைத்தால் பெட்டி பெட்டியாக வெளிநாட்டுக்குப் போய்விடும். இந்தியாவுக்கென்று அச்சிடும் மலிவுப் பதிப்புப் பாடநூல்களின் அட்டையில் எந்தெந்த நாடுகளில் விற்கலாம் என்று எச்சரிக்கை போட்டிருப்பதும் இதே அச்சத்தால்தான்.

கேமின் விலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது? 60 டாலர் விலையிருந்த காலத்தில், 2010-ஐ ஒட்டிப் பரவலாக எடுத்தாளப்பட்ட ஒரு பிரிப்பின்படி, வெளியீட்டாளருக்கு ஏறத்தாழ 27 டாலர், சில்லறைக் கடைக்கு 15, கன்சோல் நிறுவனத்துக்கு 7, விற்காமல் திரும்பும் சரக்குக்கு 7, தட்டு, பெட்டி, போக்குவரத்துக்கு 4. அதாவது கையால் தொடக்கூடிய பகுதி விலையில் பதினைந்தில் ஒரு பங்கு. டவுன்லோடில் அந்த 4 டாலரும் திரும்பிவரும் சரக்கின் நட்டமும் மறைகின்றன. சில்லறைக் கடையின் பங்கு மறைவதில்லை. அது இடம் மாறுகிறது. இணையக் கடை நடத்தும் நிறுவனம் வழக்கமாக 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. கணினி கேம்களின் பெரிய கடையான ஸ்டீமும் அதே 30-தான். விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் 25, 5 கோடி டாலரைத் தாண்டினால் 20 என்று 2018-இல் தளர்த்தியது. எபிக் மட்டும் 12 சதவீதம் என்று போட்டிக்கு வந்தது. 4,999 ரூபாய் டவுன்லோடில் 18 சதவீத ஜிஎஸ்டியாகச் சுமார் 763 ரூபாய் போக, மிஞ்சும் 4,236-இல் 30 சதவீதம் என்றால் கடைக்கு ஏறத்தாழ 1,270 ரூபாய். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் வாடகையும் கரண்ட் பில்லும் கட்டி உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு புது டிஸ்க்கில் அவ்வளவு நிற்காது.

எனவே டவுன்லோடு மலிவாக வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு அடிப்படை இருந்தாலும் அது சிறியது. விலையை உண்மையில் ஏற்றி இறக்குபவை வேறு இரண்டு: எத்தனை பேர் விற்கிறார்கள் என்பது ஒன்று, வாங்கியதைத் திரும்ப விற்க முடியுமா என்பது இன்னொன்று.

முதலாவதை எம்ஆர்பி என்ற மூன்றெழுத்து விளக்கிவிடும். 2011-இல் நடைமுறைக்கு வந்த பொட்டலப் பொருள் விதிகளின்படி, இறக்குமதியான கேம் பெட்டியிலும் இறக்குமதியாளரின் பெயரும் அதிகபட்ச சில்லறை விலையும் ஒட்டியிருக்க வேண்டும். பெயரே சொல்வதுபோல் அது உச்சவரம்பு. அங்கிருந்து கீழே எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பதைக் கடைக்காரரின் கையிருப்பும் வாங்குபவரின் வாயும் முடிவு செய்கின்றன. பத்துப் பெட்டி எடுத்து நான்கு தேங்கினால் கடைக்காரர் விலையைக் குறைத்தே ஆக வேண்டும். முடங்கிய பணத்துக்கு வட்டி ஓடுகிறது. அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் பண்டிகைக் காலத்தில் மோதிக்கொள்வதும் இதே பெட்டியின் மேல்தான். டவுன்லோடில் தேக்கம் என்பதே கிடையாது. ஆயிரம் பேர் வாங்கினாலும் ஒருவர் வாங்கினாலும் கிடங்கில் இடம் அடைக்காது. விலையைக் குறைக்க வேண்டிய அவசரம் விற்பவருக்கு வருவதில்லை. கன்சோலில் கடை ஒன்றே ஒன்று. அது சொன்னதே உச்சமும் தரையும்.

அந்த ஒரே கடைக்கு வெளியே இருந்த சிறு சந்தும் பிறகு அடைபட்டது. முழு கேமுக்கான டவுன்லோடு கோடு எண்ணை மற்றக் கடைகள் விற்பதை 2019 ஏப்ரல் 1 முதல் சோனி நிறுத்தியது. அதன்பின் மற்றக் கடைகள் விற்க முடிந்தது பணம் ஏற்றும் கார்டு மட்டும்தான். கார்டை எங்கே வாங்கினாலும் கேமின் விலை சோனி கடையில் எழுதியிருப்பதே. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நுகர்வோர் தரப்பில் இதை எதிர்த்து வழக்குகள் போனதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது காரணம் மறுவிற்பனை. வடசென்னைக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மீன்பிடி வலையிலிருந்து லாரி டயர் வரை இரண்டாம் கை, மூன்றாம் கை பார்த்துப் பழகிய ஊர் இது. பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்ச் செய்ய நினைப்பவர் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடக்கலாம். வீட்டிலிருந்தபடியே போட்டோ எடுத்து இணையத்தில் விளம்பரம் போடுவோரும் உண்டு.

பழைய டிஸ்க்குக்கு விலை பேசும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. வாங்குபவர் முதலில் பெட்டியைப் பார்ப்பதில்லை. டிஸ்க்கை நடு ஓட்டையிலும் விளிம்பிலும் விரல் வைத்துத் தூக்கி, டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடிக்கிறார். மெல்லிய முடிக்கீறல் இருந்தால் கவலையில்லை. புளூ-ரே தட்டில் கடினப் பூச்சு உண்டு. வட்டத்தை ஒட்டி ஓடும் ஆழமான கீறல் இருந்தால் விலை விழும், சிலசமயம் பேச்சே முடிந்துவிடும். அடுத்து பெட்டி, உறைத்தாள், பிறகு உள்ளே வந்த கோடு சீட்டு. அந்தச் சீட்டைச் சுரண்டிப் பயன்படுத்தியிருந்தால் கூடுதலாகத் தரும் உடையோ ஆயுதமோ இனி கிடைக்காது. அதற்கும் நூறு இருநூறு கழியும். கடைசியாகக் கேட்பது, கேம் வந்து எத்தனை நாளாயிற்று என்பது. முதல் வாரத்தில் விற்றால் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பும். மூன்று மாதம் கழித்து வந்தால் பாதி தேறினாலே நல்ல விலை.

4,999 ரூபாய் கொடுத்து வாங்கிய டிஸ்க்கை மூன்று வாரம் ஆடி 3,000 ரூபாய்க்கு விற்றால், ஆடியதற்கான செலவு 1,999 ரூபாய். டவுன்லோடு வாங்கியவருக்குச் செலவு 4,999 முழுதும். 3,000-க்கு வாங்கிய அடுத்தவர் 2,200-க்குத் தள்ளினால் அவருக்கு ஆனது 800. மூன்று பேர், நான்கு பேர் கைமாறி ஒரே டிஸ்க் ஒரு தெருவையே சுற்றி வரும்போது மொத்தச் செலவு ஆளுக்கு ஆயிரத்தை ஒட்டி வந்துவிடுகிறது. வெளியீட்டாளருக்கு இதில் முதல் விற்பனையின் பணம் மட்டும்தான். அவர்கள் டவுன்லோடை விரும்புவதற்கு அச்சுச் செலவு மிச்சமாவதைவிட இந்தச் சங்கிலி அறுபடுவதே பெரிய காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

எந்திரத்தின் விலையிலும் இது எதிரொலிக்கிறது. டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 49,990 ரூபாய்க்கும், வசதியில்லாத டிஜிட்டல் எடிஷன் 39,990 ரூபாய்க்கும் அறிவிக்கப்பட்டன. 2024 ஏப்ரலில் வந்த ஸ்லிம் வகையில் 54,990, 44,990. இரண்டு முறையும் வித்தியாசம் 10,000. புளூ-ரே டிரைவ் ஒன்றைச் செய்ய அவ்வளவு ஆகாது. டிஸ்க் மாற்றிக்கொள்பவருக்கு ஒரு கேமில் 2,500 ரூபாய் திரும்பினால், நான்கே கேமில் அந்தப் பத்தாயிரம் வந்துவிடுகிறது. ஐந்தாவது கேமிலிருந்து மலிவு எந்திரம் வாங்கியவர் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். டிரைவ் இல்லாத எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 34,990 ரூபாய்க்கு 2020 நவம்பரில் வந்ததற்கும் இந்தக் கணக்கே பொருந்தும்.

சட்டம் இந்த இரண்டு வடிவங்களையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, கணினி நிரலின் பிரதியை விற்கவும் வணிக வாடகைக்கு விடவும் உள்ள உரிமையைப் படைப்பின் உரிமையாளருக்குத் தருகிறது. ஒரு பிரதி முன்னரே விற்கப்பட்டிருந்தாலும் அந்த உரிமை நீடிக்கும் என்று பொருள்படும் சொற்கள் முன்பு அதில் இருந்தன. 1999-ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை நீக்கியது. ஒருமுறை முறைப்படி விற்ற பிரதியை வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்ற வாதத்துக்கு இதுவே கால். வாடகை விஷயம் வேறு. கேம் டிஸ்க்கை நாள் வாடகைக்கு விடும் கடைக்கு உரிமையாளரின் அனுமதி தேவை. தெருமுனைக் கடைகளில் அதைக் கேட்டவர் அரிது.

சாஃப்ட்வேர் பொருளா சேவையா என்ற தகராறும் நீண்டது. தட்டில் பதிந்து கடையில் விற்கும் சாஃப்ட்வேர் சரக்குதான், விற்பனை வரிக்கு உட்பட்டதுதான் என்று டாடா கன்சல்டன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்தது. பிறகு சேவை வரியும் வந்து சேர, சாஃப்ட்வேர் வணிகர்களின் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சாஃப்ட்வேர் சரக்கே ஆனாலும், ஒரு குறிப்பிட்ட பரிமாற்றம் விற்பனையா சேவையா என்பது அதற்கான ஒப்பந்தத்தைப் பொறுத்தது என்று நீதிமன்றம் 2010-இல் கூறியது. பர்மா பஜாருக்கு அருகில் நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்தில் வந்த தீர்ப்பு இது. டவுன்லோடு வாங்கும்போது படிக்காமல் 'சம்மதம்' அழுத்துகிறோமே, அந்த ஒப்பந்தத்தில்தான் சூட்சுமம். அங்கே எழுதியிருப்பது விற்பனை அல்ல, உரிமம்.

வரியில் இருந்த இடைவெளி மட்டும் மூடிவிட்டது. வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து தனிநபர் வாங்கும் டவுன்லோடுக்கு 2016 நவம்பர் வரை சேவை வரி இல்லை. டிஸ்க்குக்கோ வாட் உண்டு. 2016 டிசம்பர் 1 முதல் 15 சதவீதம், 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டியில் 18 சதவீதம். இப்போது டிஸ்க்குக்கும் அதே 18. பழைய டிஸ்க் வணிகம் செய்பவருக்கு மட்டும் ஒரு சலுகை: வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும்.

டவுன்லோடை மறுபடி விற்கலாமா என்ற கேள்வி ஐரோப்பாவில் நேரடியாக நீதிமன்றம் ஏறியது. தரவிறக்கிய சாஃப்ட்வேர் உரிமத்தை மறுபடி விற்கலாம் என்று யூஸ்டுசாஃப்ட் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் சொன்னது. அதே நீதிமன்றம் 2019-இல் மின்னூலுக்கு அது பொருந்தாது என்றது. ஸ்டீம் கேம்களை விற்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு என்று பாரிஸ் நீதிமன்றம் 2019-இல் கொடுத்த தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் மாற்றிவிட்டது. கலிஃபோர்னியா வேறு வழி பிடித்தது. 2025 ஜனவரி முதல், உரிமம் மட்டும் தரும் கடை 'வாங்கு' என்ற சொல்லைப் போட்டால், கொடுப்பது உரிமம்தான் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விலை குறையவில்லை, பெயரிலாவது நேர்மை வந்தது.

டவுன்லோடு எப்போதும் விலை கூடியது என்று முடிவு கட்டுவதும் பிழை. கணினி கேம்களில் நிலைமை தலைகீழ். ஸ்டீம் 2015 நவம்பரில் ரூபாயில் விலை போடத் தொடங்கியது. கணக்கு எந்த நாட்டில் இருக்கிறது என்று கடைக்குத் தெரியும் என்பதால், இந்தியாவுக்குக் குறைந்த விலை வைத்தாலும் அது வெளியே கசியாது என்ற துணிவு அதற்கு இருந்தது. டிஸ்க்கால் செய்ய முடியாததை டவுன்லோடு செய்தது இங்கேதான். சிறு குழுக்கள் செய்யும் கேம்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதும், கோடைக்கால விற்பனையில் பெரிய கேம்களே பாதிக்கும் கீழே இறங்குவதும் டவுன்லோடால்தான். காப்பி சிடியைப் பர்மா பஜாரிலிருந்து விரட்டியதில் போலீஸ் சோதனைக்கு இருந்த பங்கைவிட ரூபாய் விலைக்கும் யுபிஐக்கும் இருந்த பங்கு பெரிது என்று சொல்லலாம். ஆனால் நாடுவாரி விலைக்கான பரிந்துரையை ஸ்டீம் 2022-இல் திருத்தியபோது இந்தியாவுக்கான தொகைகளும் கணிசமாக ஏறின. ஒரே கடை கொடுக்கும் சலுகை அந்தக் கடையின் மனம்போல் நிற்பது.

டவுன்லோடுக்கு வெளிப்படையாகவே குறைந்த விலை வைத்த நிகழ்வுகளும் உண்டு. 2023 அக்டோபரில் ஆலன் வேக் 2 என்ற கேம் டவுன்லோடாக மட்டும் வந்தது. மற்றவை 70 டாலராக இருந்தபோது கன்சோலில் அதன் விலை 60. 2025 ஜூனில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 எந்திரத்தோடு வந்த மரியோ கார்ட் வேர்ல்டுக்கு ஜப்பானில் பெட்டி விலை 9,980 யென், டவுன்லோடு 8,980. பிரிட்டனில் 74.99 பவுண்டும் 66.99 பவுண்டும். பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் என்பது முன்பு பார்த்த தட்டு, பெட்டிக் கணக்குக்குப் பக்கத்தில் வருகிறது. நின்டெண்டோவுக்கு இந்தியாவில் அதிகாரபூர்வ வணிகமே இல்லாததால் இந்தச் சலுகை சென்னைக்கு எட்டவில்லை. துபாய் வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ வரும் பெட்டிதான் இங்கே கிடைக்கிறது. அதற்கு எம்ஆர்பி சீட்டு இருக்காது, பில்லும் பெரும்பாலும் இருக்காது. கடைக்குக் கடை ஆயிரம் ரூபாய் மாறும்.

விலைச்சீட்டில் ஏறாத செலவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. 100 ஜிபி கேம் ஒன்றை 40 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க ஐந்தரை மணி நேரம் பிடிக்கும். 512 கேபிபிஎஸ் பிராட்பேண்ட் காலத்தில் 8 ஜிபி கேமுக்கே 35 மணி நேரம்; அன்றைக்கு டிஸ்க் வாங்குவதே வேகமான டவுன்லோடு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா மலிந்தாலும், வீட்டுக்கு ஃபைபர் இல்லாமல் செல்போன் டேட்டாவில் 100 ஜிபி இறக்குவது எளிதான காரியமல்ல. இடமும் ஒரு செலவு. முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5-இன் 825 ஜிபியில் கேமுக்குக் கிடைப்பது 667 ஜிபி. ஆறேழு பெரிய கேமில் நிரம்பிவிடும். டிஸ்க் இருந்தாலும் கேமை உள்ளே பதித்துத்தான் ஆட வேண்டும் என்பதால் இதில் இருவருக்கும் ஒரே பாடு.

டிஸ்க்குக்கும் தனி ஆபத்து உண்டு. 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வடசென்னையின் தாழ்வான தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. இரண்டாவது முறை மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை படிந்தது. நனைந்த தட்டைக் கழுவித் துடைத்து ஓட்டிவிடலாம். ஊறிப்போன உறைத்தாளையும் கறைபட்ட பெட்டியையும் கொண்டு போய் விலை கேட்க முடியாது. கணக்கில் இருக்கும் கேமுக்கு வெள்ளமும் இல்லை, கீறலும் இல்லை.

ஆனால் கணக்குக்கு வேறு வகை வெள்ளம் வரும். நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கடைகளை 2023 மார்ச்சில் மூடியது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை 2024 ஜூலையில் மூடியது. வாங்கியவற்றைத் திரும்ப இறக்க வழி விட்டார்கள் என்றாலும் புதிதாக எதையும் வாங்க முடியாது. செல்போனில் மட்டும் ஆடுபவர்கள்தான் வடசென்னையில் பெரும்பான்மை. அவர்களும் இதை நேரில் பார்த்தார்கள். 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கிய உடையும் துப்பாக்கி அலங்காரமும் ஒரே அறிவிப்பில் அந்தரத்தில் நின்றன. 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்து பழைய கணக்கை மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்தது. தவறவிட்டவர்களுக்குப் போனது போனதுதான். மாதச் சந்தாவும் அந்த வகையே. எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் 2025 அக்டோபரில் 829 ரூபாயிலிருந்து 1,389 ரூபாய்க்கு ஏறியது. சந்தாவை நிறுத்திய மாதமே அலமாரி காலி.

டிஸ்க்கின் பலமும் உள்ளிருந்தே கரைந்துவருகிறது. கணினி கேம் பெட்டிகளில் தட்டுக்குப் பதில் கோடு எழுதிய சீட்டு வரத் தொடங்கிப் பல ஆண்டுகளாயிற்று. யூபிசாஃப்டின் தி க்ரூ என்ற கார் பந்தய கேம் 2024 மார்ச் 31-க்குப் பிறகு இயங்கவில்லை. சர்வரை நிறுத்தியதும் டிஸ்க் வைத்திருந்தவர் கையிலும் வெறும் தட்டுதான் மிஞ்சியது. ஸ்விட்ச் 2-க்கு வரும் சில அட்டைகளில் கேமே இல்லை, அதை இறக்குவதற்கான சாவி மட்டும் உண்டு. அந்த அட்டையைத் திரும்ப விற்கலாம் என்பது ஆறுதல். நின்டெண்டோவின் சர்வர் இருக்கும்வரைதான் என்பது நிபந்தனை. கோடு சீட்டை ஒருமுறை சுரண்டிவிட்டால் அதுவும் இல்லை. உலக அளவில் பிளேஸ்டேஷனின் முழு கேம் விற்பனையில் பத்தில் ஏழுக்கு மேல் ஏற்கெனவே டவுன்லோடாகிவிட்ட நிலையில், பெட்டிக்குள் முழு கேமைப் பதித்துத் தரும் அக்கறை இனி கூடப் போவதில்லை.

ஆக, கணினியில் ஆடுபவருக்கு டவுன்லோடு லாபம்; வேறு வழியும் இல்லை. கன்சோலில் ஆடி முடித்ததும் விற்றுவிடும் பழக்கமுள்ளவருக்கு டிஸ்க் லாபம். ஒரே கேமை ஆண்டுக்கணக்கில் தினமும் ஆடுபவருக்கு, தள்ளுபடி வரும்வரை பொறுத்திருந்தால், டவுன்லோடே போதும். டிஸ்க் வாங்குபவர் பணம் எடுப்பதற்கு முன் பெட்டியைத் திருப்பிப் பின்புறத்தைப் படிக்க வேண்டும். இணைய இணைப்பு கட்டாயம், டவுன்லோடு தேவை, உள்ளே டிஸ்க் இல்லை என்பவற்றில் ஏதாவது ஒரு வரி சிறிய எழுத்தில் அங்கே இருக்கலாம். இருந்தால், பெட்டிக்குள் இருப்பது டவுன்லோடு. அதற்கு டிஸ்க் விலை கொடுக்க வேண்டியதில்லை.